தோண்டிய மண் எங்கே போக வேண்டும்? பாலாற்றுப் பக்கம் ஒரு சோதனை அறிக்கையைப் படிக்கும் விதம்

வேலூரில் கட்டடம் எழுப்புகிறவர்கள் மண்ணைச் சோதிக்காமல் இல்லை. துளை போட்டு, தாங்குதிறன் பார்த்து, எத்தனை அடியில் பாறை தட்டுகிறது, பரந்த தளமாகப் போடும் ராஃப்ட் அஸ்திவாரம் போதுமா, ஆழத் தூணாக இறக்கும் பைல் வேண்டுமா என்று அறிக்கை வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த அறிக்கை முழுக்க, அங்கேயே இருக்கப்போகிற மண்ணைப் பற்றியது. வெளியே போகப்போகிற மண்ணைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. அந்த மண் ஹிட்டாச்சி வாளியில் ஏறி, டிப்பரில் விழுந்து, எங்கோ ஒரு பள்ளத்தை மேடாக்கிவிடும். பள்ளம் யாருடையது, பக்கத்தில் கிணறு இருக்கிறதா என்பதெல்லாம் டிரைவர் பாடு.

பல ஊர்களில் இது பிரச்சினை இல்லாமல் கழிந்துவிடும். செம்மண்ணும் கிராவலும் எங்கே கொட்டினாலும் செம்மண்ணும் கிராவலும்தான். பழைய வடஆற்காட்டில், அதிலும் வாலாஜாவில் தொடங்கி ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய பட்டையில், அப்படி விட்டுவிட முடியாது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே தோல் பதனிடுகிறார்கள். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலத்தில் மிஞ்சியது சுண்ணாம்பு, மயிர், உப்பு. 1970-களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலாக அனுப்பச் சொன்ன பிறகு குரோம் பதனிடல் பரவியது, கூடவே குரோமியமும் மண்ணில் சேர்ந்தது. குரோம் ரசாயனங்களைத் தயாரித்த ராணிப்பேட்டை தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990-களில் மூடியபோது இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை வளாகத்திலேயே விட்டுவிட்டுப் போனது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் பட்டியலில் ராணிப்பேட்டை பெயர் வந்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பும் நம் மாவட்ட வழக்கில் வந்ததுதான்: வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, நீதிபதி குல்தீப் சிங் அமர்வு கொடுத்தது. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் இதே தோல் ஆலை மாசு பற்றி மறுபடியும் ஒரு நீண்ட தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள்.

பெரிய ஆலைகளைப் பற்றி இங்கே நான் அதிகம் பேசப்போவதில்லை. அவை எங்கே இருக்கின்றன என்று ஊருக்கே தெரியும், வழக்கும் கமிட்டியும் இருக்கின்றன. கட்டுமானத்தில் மாட்டுவது சின்ன இடங்கள்தான். ஊருக்குள் ஒரு காலத்தில் ஷாப்பு, அதாவது சின்னத் தோல் பதனிடும் ஆலை, நடந்து, மூடி, கைமாறி, மதில் இடிந்து, சீமைக்கருவேலம் முளைத்து, பிறகு ‘மெயின் ரோட்டு மனை’ என்று விலைபோன இடங்கள். அங்கே இன்று கல்யாண மண்டபமோ அடுக்குமாடியோ வருகிறது. பத்திரத்தில் புஞ்சை என்றோ காலிமனை என்றோதான் இருக்கும். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது தோண்டும் நாளில்தான் தெரியவரும்.

எவ்வளவு மண் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் நிறுத்த 20 மீட்டருக்கு 15 மீட்டரில் ஒரு அடித்தளம், ஆழம் 3 மீட்டர். 900 கன மீட்டர் வருகிறது. அள்ளினால் மண் உப்பும், அதற்குக் கால் பங்கு கூட்டினால் 1,125 கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட் என்பதால், கிட்டத்தட்ட 400 யூனிட். மூன்று யூனிட் டிப்பருக்கு 130 நடைக்கு மேல். எடையாகப் பார்த்தால் 1,600 டன். இது ஒன்றும் பெரிய திட்டமில்லை, நடுத்தரமான ஒரு மண்டபம். ஆனால் 2016-ன் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு விதிகளின்படி ஒரு நாளில் 20 டன்னோ, ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னோ தாண்டினாலே மண், கான்கிரீட், செங்கல் என்று பிரித்துவைத்து உள்ளாட்சி அமைப்பிடம் திட்டம் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அந்தக் கணக்கில் மண்டபக்காரர் இரண்டாம் நாளே பெரிய உற்பத்தியாளர் பட்டியலில் சேர்ந்துவிட்டிருப்பார், அவருக்கே தெரியாமல்.

கனிமவளத் துறையின் அனுமதியும் நடைச்சீட்டும் வேறு. எவ்வளவு மண், எங்கிருந்து எங்கே, கட்டணம் கட்டியாச்சா என்பதுதான் அந்தத் துறையின் கேள்வி. மண்ணில் குரோமியம் இருக்கிறதா என்று நடைச்சீட்டில் கட்டம் கிடையாது. சீட்டு சரியாக இருக்கிறது, அதனால் மண்ணும் சரியாக இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஆய்வகத்துக்கு ஓடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது செலவே இல்லாத வேலை. அந்த இடத்தில் முன்பு என்ன நடந்தது என்று விசாரிப்பது. பக்கத்துத் தெருப் பெரியவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். எந்த மூலையில் சுண்ணாம்புக் குழி, எங்கே குரோம் டிரம் சுற்றியது, கழிவு நீர் எந்தப் பக்கம் ஓடி எந்த ஓடையில் விழுந்தது என்று விரல் நீட்டிக் காட்டிவிடுவார்கள். பழைய லாரி ஒர்க்‌ஷாப்பா, பெட்ரோல் பங்க்கா என்றால் தேட வேண்டியது குரோமியம் இல்லை, டீசலும் பென்சீனும். முழுக்க வயலாகவே இருந்த இடம் என்றால் சோதனைச் சுமை பாதியாகக் குறையும். இந்த விசாரணையைத் தவிர்த்துவிட்டு ஆய்வகத்திடம் ‘எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணுங்க’ என்று சொல்கிறவர்கள் காசைக் கொட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் சோதிக்காமல் விடுவார்கள்.

அடுத்தது கண். ஜேசிபியால் நாலைந்து சோதனைக் குழி போட்டுப் பக்கச் சுவரைப் பார்த்தாலே பாதிக் கதை வெளியே வரும். மேலே இடிபாடும் செங்கல் துண்டும். அதற்குக் கீழே வெள்ளையாகச் சுண்ணாம்புப் படலம், அதில் ஒட்டிய மயிர். சாம்பல் கலந்த நீலப் பச்சையில் பிசுபிசுப்பான ஒரு அடுக்கு வந்தால் அது குரோம் கசடு. வெட் ப்ளூ, அதாவது குரோம் ஏறி நீலமான ஈரத் தோலைச் சீவிய தூள் இருந்தால் நீலம் இன்னும் தெளிவாகத் தெரியும், ஆண்டுகள் போனாலும் அது சட்டென்று மட்காது. காய்ந்த சுவரில் எலுமிச்சை மஞ்சளில் உப்புப் பூத்திருந்தால், அல்லது குழியில் ஊறிய தண்ணீர் மஞ்சளாக நின்றால், வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும். தண்ணீரில் கரையும், நச்சு மிகுந்த வகையான அறுமதிப்புக் குரோமியத்தின் நிறம் அது. இவற்றுக்கெல்லாம் கீழே, பழுப்புச் செம்மண்ணும் உதிர்ந்த பாறையும் தொடங்கும் இடம் பெரும்பாலும் ஒரு கோடு கிழித்தமாதிரி தெரியும். அந்தக் கோடுதான் இந்த வேலை முழுவதிலும் பணத்தை மிச்சப்படுத்தும் கோடு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான அறிக்கைகள் கெட்டுப்போகின்றன. 900 கன மீட்டருக்கு ஒரே ஒரு பாலித்தீன் பை மண், அதுவும் குவியலின் ஓரத்தில் கைக்கு எட்டிய இடத்தில் எடுத்தது. ஆய்வகம் எவ்வளவு நேர்மையாகச் சோதித்தாலும் அந்தப் பைக்குள் இருந்த மண்ணைப் பற்றித்தான் அது பேசும். இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். நிறமோ வாடையோ மாறிய திட்டு இருந்தால் அதற்கு ஒரு தனி மாதிரி. தொழிற்சாலை எதுவும் இல்லாத பக்கத்து நிலத்தில் ஒப்பீட்டுக்கு ஒன்று. அப்படி ஒன்று இல்லாவிட்டால், இயற்கையாகவே பாறையிலிருந்து வந்த குரோமியம் எவ்வளவு, ஷாப்பு விட்டுப்போனது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. எல்லா மண்ணிலும் கொஞ்சம் குரோமியம் இருக்கத்தான் செய்யும்.

பல இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பும் பழக்கம் செலவைக் குறைக்கும், உண்மையையும் குறைக்கும். கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் உள்ள ஒரு வாளியை 40 மில்லிகிராம் உள்ள ஒன்பது வாளிகளோடு கலந்தால் அறிக்கையில் 236 என்று வரும். பார்ப்பதற்கு மிதமான எண். அப்படி ஒரு மண் அந்த மனையில் எங்குமே இல்லை என்பதுதான் விஷயம்.

இனி ஆய்வகம். முதலில் கேட்க வேண்டியது மொத்த அளவு: ஒரு கிலோ மண்ணில் குரோமியம், ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம், நிக்கல் எத்தனை மில்லிகிராம். அமிலத்தில் கரைத்துக் கருவியில் பார்க்கும் சாதாரணச் சோதனை இது. அதற்குப் பிறகுதான் கசிவுச் சோதனை, ஆய்வகத்தில் டிசிஎல்பி என்று சொல்வார்கள். எந்த மாதிரிக்கு டிசிஎல்பி தேவை என்று முடிவு செய்ய ஒரு சின்ன வகுத்தல் போதும். அந்தச் சோதனையில் மண்ணின் எடையைப் போல 20 மடங்கு திரவம் சேர்க்கிறார்கள். அதனால் மண்ணில் இருப்பது மொத்தமும் கரைந்தே போனாலும், திரவத்தில் வருவது மொத்த அளவில் இருபதில் ஒரு பங்குதான். குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். அப்படியானால் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள மண் எப்படியும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது, அந்த மாதிரிக்கு டிசிஎல்பி வீண்செலவு. இந்த வகுத்தலைச் செய்யாமல் பத்து மாதிரிக்கும் டிசிஎல்பி கேட்பவர்கள் நிறைய.

டிசிஎல்பி எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் அதில்தான் தொடங்குகிறது. 9.5 மில்லிமீட்டருக்குள் உடைத்த மண் 100 கிராம். அதோடு அசிட்டிக் அமிலம் கலந்த தண்ணீர் இரண்டு லிட்டர். மூடிய பாட்டிலை நிமிடத்துக்கு 30 சுற்று வீதம் தலைகீழாகச் சுழற்றும் கருவியில் 18 மணி நேரம் விடுகிறார்கள். வடிகட்டி, வந்த நீரில் உலோகம் எவ்வளவு என்று அளக்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1990-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை இது. நம் நாட்டின் 2016 அபாயகரமான கழிவு விதிகளின் இரண்டாம் அட்டவணையும் இதையே கைக்கொள்கிறது. குரோமியம், ஈயம், ஆர்செனிக் ஒவ்வொன்றுக்கும் லிட்டருக்கு 5 மில்லிகிராம், காட்மியத்துக்கு 1, பாதரசத்துக்கு 0.2. தாண்டினால் அபாயகரமான கழிவு.

ஏன் அசிட்டிக் அமிலம்? ஊர்க் குப்பை மட்கும்போது அந்த வகை அமிலங்கள்தான் ஊறும். இந்தச் சோதனையை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்த காட்சி இதுதான்: ஒரு குப்பைக் கிடங்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஆலைக் கழிவு, மீதி வீட்டுக் குப்பை. அதிலிருந்து ஊறும் நீர் நிலத்தடியில் நூறு மடங்கு நீர்த்துப்போய் ஒரு கிணற்றைச் சேர்கிறது. அதனால் அன்றைய அமெரிக்கக் குடிநீர் வரம்பை நூறால் பெருக்கி வைத்தார்கள். குரோமியத்துக்கு அன்று 0.05 இருந்தது, 5 ஆனது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500-லும் மொத்தக் குரோமியத்துக்கு இன்றுவரை 0.05-தான்.

அப்படியானால் ‘லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே, அபாயகரமானது அல்ல’ என்று அறிக்கை சொன்னால் அதற்கு என்ன பொருள்? ஒரு குப்பைக் கிடங்கில் இதைப் போட்டால், நூறு மடங்கு நீர்த்த பிறகு தூரத்துக் கிணறு தப்பிக்கும் என்று பொருள். அவ்வளவுதான். இந்த மண்ணை நெல் வயலில் கொட்டி மனையாக்கலாம், ஏரிக்கரைக்கு அணைக்கலாம், அரை ஏக்கருக்குள் ஆழ்துளைக் கிணறு இருக்கும் தோப்பில் மேடு போடலாம் என்று அது சொல்லவில்லை. அங்கெல்லாம் நூறு மடங்கு நீர்த்துப்போக இடமே கிடையாது. ஆனால் நம் ஊரில் அந்த ஒரு வரியைக் காட்டித்தான் மண் வெளியே போகிறது. சோதனையில் தவறில்லை. நாம் கேட்காத கேள்விக்கு வந்த பதிலை, கேட்ட கேள்விக்கு வந்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

குரோமியத்தில் இன்னொரு சிக்கல், அது இரண்டு வேடத்தில் வரும். தோலில் ஏறுவது மும்மதிப்புக் குரோமியம். மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், எளிதில் கரையாது, நச்சும் குறைவு. அறுமதிப்புக் குரோமியம் தண்ணீரில் கரைந்து ஓடும், புற்றுநோய் உண்டாக்கும். மொத்தக் குரோமியம் 1,500 என்ற எண்ணை மட்டும் பார்த்து அலறவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது. எந்த வேடம் எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும். டிசிஎல்பி இந்த இடத்தில் நம்பிக்கையான துணை இல்லை. மண்ணில் மக்கும் பொருளும் மயிரும் நிறைய இருந்தால், அமிலத்தில் சுழலும் அந்த 18 மணி நேரத்திலேயே அறுமதிப்பில் ஒரு பகுதி மும்மதிப்பாக இறங்கிவிடலாம்.

அதனால் அறுமதிப்புக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். சோடியம் கார்பனேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த காரக் கரைசலில் மண்ணை 90 முதல் 95 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்துப் பிரித்தெடுப்பார்கள். காரத்தில் அது வேடம் மாறாது. வடித்த நீரை அமிலமாக்கி டைஃபினைல்கார்பசைடு சொட்டுவிட்டால், அறுமதிப்பு இருக்கும் குடுவை கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குரோமியம், அதைக் கருவி அளந்து சொல்லும். இதற்கு மண்ணை வெயிலில் காயவைத்து அனுப்பக் கூடாது. ஈரத்தோடு, மூடிய கண்ணாடிப் புட்டியில், ஐஸ் பெட்டியில் போக வேண்டும், எடுத்த 30 நாளுக்குள் பிரித்தெடுக்கவும் வேண்டும். நம் சைட்டுகளில் மண் மாதிரி பால்கனியில் காய்ந்துகொண்டிருப்பதுதான் வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த அபாயகரப் பட்டியலிலும் சிக்காத ஒன்றும் இந்த மண்ணில் உண்டு. உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்கக் கொட்டிய உப்பு, ஆண்டாண்டாக மண்ணில் இறங்கியது. டிசிஎல்பி-யில் சோடியத்துக்கு வரம்பு கிடையாது. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால், தென்னையைக் கொன்றது குரோமியத்தைவிட உப்புதான் என்பார்கள். நான் அவர்கள் பக்கம். மண்ணைத் தண்ணீரில் கலக்கி மின்கடத்துத்திறன் பார்ப்பது மிக மலிவான சோதனை, வேளாண் துறையின் மண் ஆய்வுக்கூடத்தில் விவசாயிகளுக்குச் செய்து தருவதும் அதுதான். மீட்டருக்கு ஒரு டெசிசைமனுக்குள் (மின்கடத்துத்திறனின் அலகு) இருந்தால் பயிருக்குப் பயமில்லை, நாலைத் தாண்டினால் அந்த மண் வயல் பக்கமே போகக் கூடாது. தோண்டியதையே அஸ்திவாரத்தைச் சுற்றித் திரும்ப நிரப்பும் எண்ணம் இருந்தால் குளோரைடும் சல்ஃபேட்டும் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். குளோரைடு கம்பியை அரிக்கும், சல்ஃபேட் கான்கிரீட்டைத் தின்னும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 456, மண்ணில் சல்ஃபேட் 0.2 சதவீதத்தைத் தாண்டினாலே சிமென்ட் வகையைக் கவனிக்கச் சொல்கிறது.

ஐரோப்பாவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது ஒப்பீட்டுக்கு உதவும். அங்கே இரண்டு கேள்விகளையும் பிரித்துவிட்டார்கள். முதலில், மொத்த அளவுகளை வைத்து இந்த மண் அபாயகரமானதா இல்லையா என்று வகைப்படுத்த வேண்டும். அது முடிந்த பிறகுதான், எந்தத் தரத்துக் கிடங்கு இதை ஏற்கும் என்ற சோதனை. மண்ணோடு பத்து மடங்கு வெறும் தண்ணீர் சேர்த்து 24 மணி நேரம் குலுக்குவார்கள், அமிலம் கிடையாது. 2003-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவின்படி, கிலோ மண்ணிலிருந்து கரையும் குரோமியம் 0.5 மில்லிகிராமுக்குள் இருந்தால், வினைபுரியாத மந்தக் கழிவுக்கான கிடங்கு. 10 வரை போனால், மாறாமல் கட்டுண்ட அபாயகரக் கழிவையும் ஏற்கும் சாதாரணக் கிடங்கு. 70 வரை அபாயக் கழிவுக் கிடங்கு. அதற்கும் மேலே என்றால் முதலில் பதப்படுத்திக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். வரம்புக்குள் கொண்டுவருவதற்காக நல்ல மண்ணைக் கலப்பது அங்கே சட்டப்படி தடை. இவ்வளவு பிரித்துவைத்தும் அங்கேயும் ஒப்பந்தக்காரர்கள் கிடங்குச் சோதனை அறிக்கையைக் காட்டி ‘அபாயமில்லை’ என்று வாதாடுவது உண்டு. நாம் மட்டும் அல்ல.

இப்போது எடுத்துக்காட்டுக்கு ஒரு அறிக்கையைக் கற்பனையாக வைத்துக்கொண்டு, மேலே சொன்ன மண்டபத்தின் 900 கன மீட்டரைப் பங்கு பிரிப்போம்.

கீழ் இரண்டு மீட்டர், செம்மண்ணும் உதிர்பாறையும். மொத்தக் குரோமியம் கிலோவுக்கு 45 மில்லிகிராம், பக்கத்து நிலத்து ஒப்பீட்டு மாதிரியில் 40. மின்கடத்துத்திறன் அரை டெசிசைமன். டிசிஎல்பி தேவையில்லை. 600 கன மீட்டர், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, கனிமவளத் துறைச் சீட்டோடு எங்கே வேண்டுமானாலும் நிரப்பு மண்ணாகப் போகலாம். இது கழிவே இல்லை, சரக்கு.

மேல் ஒரு மீட்டர். மொத்தக் குரோமியம் 1,800, அறுமதிப்பு கண்டறியும் அளவுக்குக் கீழே, டிசிஎல்பி லிட்டருக்கு 0.4 மில்லிகிராம், மின்கடத்துத்திறன் 6. இரண்டாம் அட்டவணைப்படி இது அபாயகரமானது அல்ல. ஆனால் கனடாவின் மண் தர வழிகாட்டியில் குடியிருப்பு, விவசாய நிலங்களுக்கு மொத்தக் குரோமியம் 64, வணிக, தொழில் நிலங்களுக்கு 87 என்று இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இது இருபது மடங்குக்கும் மேல். உப்பும் சேர்ந்திருக்கிறது. வயலுக்கும் ஏரிக்கும் வீட்டுமனைக்கும் போகவே கூடாது. மிச்சமிருக்கும் வழிகள் இரண்டு, மூன்று. நிலத்தடி நீர் மட்டத்துக்கு மேலே, மழைநீர் இறங்காத கான்கிரீட் தளத்துக்குக் கீழே அதே மனையில் வைப்பது, அஸ்திவாரத்தைத் தொடாமல். அல்லது அடியில் தளம் அமைத்து ஊறும் நீரைப் பிடிக்கும் ஏற்பாடுள்ள கிடங்கு. நம் பக்கத்து நகராட்சிகளின் பழைய குப்பை மேடுகள் அந்த வகையில் வராது, அவற்றில் பல ஏரியும் ஆற்றோரமும்தான். மூன்றாவது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் கேட்டு அபாயக் கழிவுக் கிடங்குக்கே அனுப்புவது. செலவு அதிகம், தலைவலி குறைவு.

கடைசியாக ஒரு மூலையில் மஞ்சள் பூத்த திட்டு, ஆறு கன மீட்டர். மொத்தக் குரோமியம் 2,600, அறுமதிப்பு 310, டிசிஎல்பி 7. சந்தேகமே வேண்டாம். இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அபாயகரமான கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் தோல் ஆலைகளின் குரோமியக் கசடு பெயர் சொல்லியே இருக்கிறது. கசடு என்று கண்ணுக்கே தெரிகிற திட்டுக்கு எண் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இல்லை என்று நிரூபிக்கும்வரை அது அபாயகரமானதுதான். வாரியத்தின் அனுமதி, ஏழு நிறப் படிகள் கொண்ட பத்தாம் படிவச் சீட்டு, அனுமதி பெற்ற வண்டி, கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்கு. வேலூரிலிருந்து 150 கிலோமீட்டர் போல. அங்கேயும் போனவுடன் கொட்டிவிட மாட்டார்கள். ஈரம் சொட்டுகிறதா என்று வடிதாள் கூம்பில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள், கசிவு அதிகம் என்றால் ஃபெரஸ் சல்ஃபேட் போட்டு அறுமதிப்பை இறக்கி, சிமென்ட்டோடு கட்டிய பிறகே எச்டிபிஇ என்ற தடித்த பிளாஸ்டிக் விரித்த குழிக்குள் இறக்குவார்கள்.

ஆறு கன மீட்டர் என்பது பத்து, பதினோரு டன். ஒரு லாரி விஷயம். மேலே கோடு என்று சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் பணமாகிறது. ஹிட்டாச்சி ஓட்டுநர் மூன்றையும் சேர்த்து வாரி ஒரே குவியலாகப் போட்டுவிட்டால், அந்தப் பத்து டன் 1,600 டன்னையும் சந்தேகத்துக்குரியதாக ஆக்கிவிடும். அதற்குப் பிறகு குவியலில் எங்கே கைவைத்து மாதிரி எடுத்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். எந்த எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிரித்த மண்ணை எடுத்துப்போகும்வரை சைட்டில் வைப்பதும் ஒரு வேலை. அபாயகரக் கழிவை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. கீழே தார்ப்பாய், மேலே தார்ப்பாய், சுற்றிச் சின்ன வரப்பு, ஐப்பசி மழைக்கு முன்னால் காலி. ஈரக் கசடைச் சுவர் கட்டித் தேக்கிவைக்கும் யோசனை யாருக்காவது வந்தால், ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் 2015 ஜனவரி 31 அதிகாலை கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்ததை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் நகர்ந்துகொண்டிருக்கிறது. மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென்றே 2025 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகள் அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிடுவது, மாநில வாரியம் முதற்கட்ட ஆய்வு செய்வது, பொறுப்பானவரிடம் செலவை வாங்குவது என்று அது போகிறது. தனது மனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளும் காலம் வரத்தான் போகிறது. அதே ஆண்டு அறிவித்து 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்று வைத்த புதிய கட்டுமானக் கழிவு விதிகளின் கவனம் பெரும்பாலும் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்கள் மேல். நம் ஊர் மண்டபங்கள் அந்த வலையில் விழாது.

ஆக, இப்போதைக்கு இதெல்லாம் ஒப்பந்தத்தில் ஒரு வரி எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் நிற்கிறது. பெரும்பாலான ஒப்பந்த விலைப்பட்டியலில் ‘மண் தோண்டி அப்புறப்படுத்துதல், எல்லா லீடும் லிஃப்டும் உட்பட’, அதாவது எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்றாலும் சேர்த்து, என்று யூனிட்டுக்கு ஒரே ரேட் இருக்கும். அந்த ரேட்டில் பத்துப் பேர் போட்டி போட்டால், பக்கத்துப் பள்ளம்தான் ஜெயிக்கும். அதை மூன்று வரியாக உடைக்கலாம்: சோதனைக் குழியும் ஆய்வகச் செலவும் உரிமையாளர் கணக்கில் தனியாக, சுத்த மண்ணுக்கு ஒரு ரேட், மற்றதற்கு டன் கணக்கில், கிடங்கின் எடைச்சீட்டைக் காட்டினால் மட்டும் பணம். அறிக்கை கைக்கு வர இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும் என்பதால் குழி போடும் வேலையைத் தாங்குதிறன் சோதனைக்கு வரும் அதே ஆட்களோடு சேர்த்து முடித்துவிடலாம். துளை எப்படியும் போடத்தான் போகிறார்கள், அதிலிருந்து இரண்டு புட்டி மண் கூடுதலாக எடுத்தால் போதும்.